இத்தாலியக் கொழுக்கட்டை

அயல்நாட்டுப் பண்டங்களைப் பற்றித் தமிழர்களிடையே இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சியார், கடல் கடந்து வந்தது எதுவும் நம் அடுப்படிக்குள் நுழையலாகாது என்று ஆணையிட்டுவிட்டு, மறுநிமிஷமே மிளகாய் வற்றல் தாளித்த உருளைக்கிழங்குக் கறியை இன்னொரு கை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். மற்றொரு கட்சியார், கடல் கடந்து வந்த எதையும் புட்டியிலும் பெட்டியிலும் அடைத்தபடியே விலை கொடுத்து வாங்கி, மூடியைத் திறக்கத் தெரிந்ததையே பாக சாஸ்திரத்தில் தேர்ச்சி என்று எண்ணிக்கொள்வார்கள். இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது கட்சி ஒன்று வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். பிறர் நன்றாகச் செய்வதைக் கற்றுக்கொள்வது, கற்றதை நம் கையாலேயே செய்வது, செய்யும்போது நம் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் வித்தையை மறவாதிருப்பது ஆகிய மூன்றும் அக்கட்சியின் கொள்கைகள். அக்கட்சியின் சார்பாகத்தான் துவாக்குடியில் உள்ள நம் இல்லத்தில் இத்தாலிய தேசத்துக் கொழுக்கட்டை ஒன்றைச் செய்து பார்த்தோம். அந்த விவரத்தை நேயர்களிடம் சொல்லிக்கொள்ள விரும்புகிறோம்.

துவாக்குடிக்கும் இத்தாலிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் பெருஞ்சாலையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் இவ்வூரைக் காவியங்கள் பாடவில்லை. ஸ்ரீரங்கத்தைப் போல ஏழு பிராகாரங்களும் இங்கே இல்லை. ஆனால் வெளிநாட்டு வித்தையை ஸ்வதேசி வித்தையாக மாற்றுவது எப்படி என்பதை அறிய விரும்புவோர் வரவேண்டிய இடம் இது. 1964-ல் மண்டலப் பொறியியற் கல்லூரியாகத் தொடங்கி, 2003 முதல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாக விளங்கும் கலாசாலை இங்கே இருக்கிறது. அடுத்துள்ள திருவெறும்பூரில், செக்கோஸ்லோவாகியா தேசத்தின் ஒத்துழைப்போடு 1965-ல் ஏற்பட்ட பெரிய கொதிகலன் தொழிற்சாலை இருக்கிறது. முதலில் பிறரிடம் கற்றோம். பிறகு நாமே செய்தோம். இன்று பாரத தேசத்தின் எத்தனையோ மின்சார நிலையங்களில் நீராவி எழுப்பும் கொதிகலன்கள் இந்தப் பிராந்தியத்துத் தொழிலாளர் கைப்பட்டவை. துவாக்குடித் தொழிற்பேட்டையில் இருக்கும் பட்டறைகளும் இந்த வேலையை நம்பிப் பிறந்தவையே.

1906-ஆம் வருஷம் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்தபோது, "நீராவிக் கப்பல் அந்நியன் கண்டுபிடித்தது, ஆகையால் நாம் கட்டுமரத்தில் போவோம்" என்று சொல்லவில்லை. கப்பல் நம்முடையதாக இருக்கட்டும், ஓட்டும் உரிமையும் நம்முடையதாக இருக்கட்டும் என்றார். கப்பலுக்கும் கொதிகலனுக்கும் பொருந்தும் நியாயம் கொழுக்கட்டைக்கு மட்டும் பொருந்தாமற் போகுமா? மூன்றும் ஆவியால் நடக்கிற காரியங்கள்தானே!

பண்டத்தின் பெயர் 'ஞொக்கி' என்பது. வேகவைத்த உருளைக்கிழங்கை மசித்து, கோதுமை மாவு கொஞ்சம் சேர்த்துப் பிசைந்து, கட்டைவிரல் நுனியளவு துண்டுகளாக்கி, கொதிக்கும் நீரில் இட்டு எடுப்பது. அதன்மேல் 'பெஸ்ட்டோ' என்ற பச்சிலைத் துவையலைப் பிரட்டிச் சாப்பிடுவது ஜெனோவா நகரத்து வழக்கம். 'ஞொ' என்னும் ஒலியை எழுத ஆங்கிலத்தில் தனி எழுத்துக் கிடையாது. நமக்கோ 'ஞ' இருக்கிறது. அதுவும் குறிலாக எழுத முடிகிறது. ஒகரக் குறிலையும் ஓகார நெடிலையும் கண்ணால் பார்த்தவுடன் பிரித்தறியும்படி இன்றைய வரிவடிவத்தை ஏற்படுத்தியவர் வீரமாமுனிவர் என்று சொல்வார்கள். 1680-ல் இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்து, தமிழ்நாட்டுக்கு வந்து, கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து, தேம்பாவணி பாடிய மகான் அவர். இத்தாலியர் ஒருவர் நம் எழுத்தைத் திருத்தியதை ஏற்றுக்கொண்ட நாம், அவருடைய தேசத்துப் பண்டம் ஒன்றை நம் எழுத்தில் எழுதுவதில் தவறில்லை.

ஜெனோவாவும் நமக்குப் புதிய பெயர் அல்ல. இத்தாலிய விடுதலை வீரர் மாஜினி 1805-ல் பிறந்த ஊர் அது. அவருடைய சபதத்தைப் பாரதியார் தமிழில் பாடினார். அந்த மாஜினியின் ஊரார் என்ன சாப்பிட்டார்கள் என்று மட்டும் நாம் கேட்டதில்லை. 1863-ல் அந்நகரத்துச் சமையலைப் பற்றி ராத்தோ என்பவர் வெளியிட்ட புத்தகத்தில் இந்தத் துவையலின் முறை அச்சேறியிருக்கிறது.

இத்தாலி 1861-ல் ஒரே ராஜ்யமாயிற்று. ஆனாலும் ஒரு மாகாணத்தார் பேச்சு இன்னொரு மாகாணத்தாருக்குப் புரியாத நிலைமை நெடுநாள் நீடித்தது. அந்தக் காலத்தில் பெல்லெக்ரீனோ ஆர்த்தூசி என்ற வியாபாரி, பல பிரதேசத்துச் சமையல் முறைகளைத் திரட்டி, 1891-ல் தம் சொந்தச் செலவில் ஒரு புத்தகம் போட்டார். அப்போது அவருக்கு வயது எழுபதுக்கு மேல். பிரசுரகர்த்தர்கள் வேண்டாம் என்று தள்ளிய அந்தப் புத்தகம் இத்தாலியக் குடும்பங்களில் குடியேறி, ஒரு பிரதேசத்தார் சாப்பாட்டை இன்னொரு பிரதேசத்தாருக்கு அறிமுகம் செய்துவைத்தது. தேசத்தை ஒன்றாக்கியதில் கரிபால்டியின் வாளுக்கு ஒரு பங்கு என்றால், ஆர்த்தூசியின் கரண்டிக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்று அந்நாட்டார் கருதுகிறார்கள்.

ஞொக்கியைப் பற்றி ஆர்த்தூசி வேடிக்கையான சம்பவம் ஒன்றைச் சொல்கிறார். ஓர் அம்மாள் துண்டுகளைக் கொதிநீரில் போட்டுவிட்டுக் கரண்டியால் துழாவிப் பார்த்தபோது பாத்திரத்தில் ஒன்றையும் காணோமாம்! பிசாசு எடுத்துக்கொண்டு போகவில்லை; மாவு போதாமல் அத்தனையும் நீரில் கரைந்துவிட்டன. ஆகையால் 400 கிராம் கிழங்குக்கு 150 கிராம் மாவு என்று அவர் அளவு கொடுத்திருக்கிறார். அவருடைய முறையில் முட்டை இல்லை என்பதைச் சைவ உணவுக் குடும்பத்தார் கவனிக்கவேண்டும்.

மாவு குறைந்தால் கரையும். கூடினாலோ, பல்லுக்கும் பண்டத்துக்கும் துவந்த யுத்தம் நடக்கும். இரண்டுக்கும் நடுவே செல்லும் வழி கிழங்கில் இருக்கிறது. கிழங்கில் நீர் எவ்வளவு குறைவோ, அவ்வளவு குறைந்த மாவு போதும். ஆகையால் காந்தி மார்க்கெட்டில் கிழங்கு வாங்கும்போது, தோல் மெல்லியதாய் உரியும் புதுக்கிழங்கை விட்டு, சில வாரம் இருந்து தோல் தடித்த பழங்கிழங்கைப் பொறுக்கவேண்டும். வெந்தவுடன் மாவாக உதிரும் ஜாதியே உத்தமம். தோலோடு வேகவைக்கவேண்டும். இத்தாலியர் தண்ணீரில் வேகவைப்பார்கள். நம்மிடம் அதைவிடச் சிறந்த உபாயம் இருக்கிறது, இட்லிப் பானை. ஆவியில் வெந்த கிழங்கு நீரைக் குடிப்பதில்லை.

அடுத்தபடியாக, சூடு ஆறுவதற்குள் கட்டியில்லாமல் மசிக்கவேண்டும். இதற்கென்று இத்தாலியர் ஓட்டைகள் உள்ள ஒரு யந்திரம் வைத்திருக்கிறார்கள். கிழங்கை உள்ளே இட்டு அழுத்தினால் இழையிழையாக வெளியே வரும். வர்ணனையைப் படித்ததும் நேயர்களுக்குச் சிரிப்பு வரலாம். நமக்கும் வந்தது. அது சேவை நாழியன்றி வேறென்ன?

நம் இல்லத்தில் சேவை நாழி பரணில் இருந்தது. சேவை இப்போது காகிதப் பெட்டியில் உலர்ந்த இழையாக வருகிறதல்லவா? நாழியை இறக்குவதற்கு அவசியம் ஏற்பட்டுப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. அதை இறக்கச் சொன்னவர் ஸ்ரீரங்கத்திலிருந்து நம்மோடு சில நாள் தங்குவதற்காக வந்திருந்த நம் அத்தை. ஞொக்கி செய்யவேண்டும் என்று முதலில் கிளப்பியவள் நம் தமையனார் குமாரி, பொறியியல் படிக்கிறவள்.

"இதற்கு என்ன பெயர் சொன்னாய்?" என்று அத்தை கேட்டார்.

"ஞொக்கி, அத்தைப்பாட்டி."

"எதை நோக்கி?"

"எதையும் நோக்கி இல்லை, பாட்டி. பெயரே அதுதான். இத்தாலிக்காரர் பண்ணுகிற பலகாரம்."

அத்தை மேற்கொண்டு கேட்கவில்லை. அவர் பூண்டு தொடமாட்டார். இங்கிலீஷ் கறிகாய் என்று அவர் சொல்லும் உருளைக்கிழங்கையும் வெகுகாலமாகச் சாப்பிடுவதில்லை. ஆனால் நாழியில் பிழிந்த கிழங்கின்மேல் குழந்தை மைதா மாவைக் கொட்டிப் பலங்கொண்ட மட்டும் பிசைய ஆரம்பித்ததும், அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அடி அசடே, அடித்துப் பிசையாதே. பூரி மாவா இது? விரல் நுனியால் ஒன்று சேர்த்தால் போதும்" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அத்தை இத்தாலியப் புத்தகம் எதையும் படித்தவர் அல்லர். ஆனால் அவர் சொன்னதே சாஸ்திரம். கோதுமை மாவில் பசைச் சத்து ஒன்று இருக்கிறது. பிசையப் பிசைய அது இழுத்துப் பிணைந்து, ரப்பர் போலாகிவிடும். கொழுக்கட்டைக்கான அரிசி மாவில் அந்தச் சத்துக் கிடையாது. ஆகையால்தான் அதைக் கொதிநீரில் கிளறிப் பக்குவப்படுத்தினால் ஒழிய உருட்ட வராது. கிழங்கோ ஏற்கெனவே வெந்தது. மைதாவின் வேலை அதைப் பிரியாமல் பிடித்துவைப்பது மட்டும். ஒரு கிலோ கிழங்குக்குக் கால் கிலோ மைதாவில் ஆரம்பித்து, கையில் ஒட்டாத பதம் வரும்வரை சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். ஆர்த்தூசியின் கணக்குப்படி சுமார் 375 கிராம் வரை போகலாம். பழங்கிழங்கை ஆவியில் வேகவைத்தால் 300-ஐத் தாண்டவேண்டியதில்லை.

பிறகு விரல் பருமனுள்ள திரியாக உருட்டி, அரை அங்குலத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் முள்கரண்டியின் முதுகில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி உருட்டவேண்டும். ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் வரியும் விழும். இது அலங்காரத்துக்காக அன்று. குழி விழுவதால் நடுப்பாகமும் சமமாக வேகும். வரிகளில் துவையல் தங்கும். "அம்மிணிக் கொழுக்கட்டைதானே இது! முள்கரண்டி எதற்கு?" என்றார் அத்தை. கொழுக்கட்டை மாவில் மீந்ததைச் சிறு மணிகளாக உருட்டி, ஆவியில் வைத்து, கடுகும் உளுத்தம்பருப்பும் தாளித்துக் குழந்தைகளுக்குக் கொடுப்பது நம் தாய்மார் வழக்கம் அல்லவா? குழந்தை பத்து உருட்டுவதற்குள் அத்தை ஒரு தாம்பாளம் நிறைய உருட்டிவிட்டார். அத்தனையும் ஒரே அளவு! தாம் சாப்பிடப் போவதில்லை என்று தெரிந்தும், பிறர் வாய்க்குப் பதமாக இருக்கவேண்டுமே என்று அந்த முதிய விரல்கள் காட்டிய கவனத்தை நாம் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

உப்பிட்ட நீர் தளதளவென்று கொதிக்கும்போது துண்டுகளை இடவேண்டும். முதலில் மூழ்கும். இரண்டு மூன்று நிமிஷத்தில், உள்ளே இருக்கும் காற்றும் ஆவியும் விரிந்து இலேசாகி மேலே மிதந்து வரும். மிதந்தவுடன் சாரணியால் எடுத்துவிடவேண்டும். தாமதித்தால் ஆர்த்தூசி சொன்ன அம்மாளின் கதிதான்.

இனித் துவையல். 'பெஸ்ட்டோ' என்றால் இத்தாலிய பாஷையில் இடித்தது என்று பொருள். துவைத்து எடுப்பது துவையல் என்றால், இரு பெயர்களும் ஒரே காரியத்தைத்தான் சொல்கின்றன. துவாக்குடிக்கும் துவையலுக்கும் இதே முறையில் உறவு கண்டுபிடிக்க நாம் துணியவில்லை. அதைச் சொல்லாராய்ச்சிப் புலவர்களுக்கு விட்டுவிடுகிறோம்.

இந்தத் துவையலுக்கு முக்கியமான பச்சிலையைச் சிலர் 'இத்தாலியத் துளசி' என்று சொல்லி, குளிர்பதனப் பெட்டியில் வைத்து அதிக விலைக்கு விற்கிறார்கள். உண்மையில் அது நம் திருநீற்றுப்பச்சிலையின் ஜாதியே. தாவர சாஸ்திரிகள் இரண்டையும் ஒரே இனம் என்கிறார்கள். சர்பத்திலும் பலூடாவிலும் ஊறி வழுவழுவென்று மிதக்கும் சப்ஜா விதை இச்செடியின் விதைதான். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சப்ஜா விதையைத் தொட்டியில் தூவினால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும். இரண்டு மாதத்திற்குள் பறிக்க இலை கிடைக்கும். பூங்கதிர் தலைகாட்டியதும் கிள்ளிவிடவேண்டும். பூத்தால் இலை காரமேறிவிடும். நம் நாட்டுச் செடியில் வாசனை சற்று அதிகம். ஆகையால் தளிர் இலைகளையே கொள்ளவேண்டும். ஜெனோவாக்காரரும் இளம் இலையைத்தான் கொள்கிறார்கள். தங்கள் ஊர் இலைக்கு 2005-ல் ஐரோப்பியச் சட்டப்படி காப்புப் பெற்றும் இருக்கிறார்கள். தஞ்சாவூர் ஓவியத்துக்கு நாம் புவிசார் குறியீடு பெற்றிருப்பது போல.

இலையைப் பறித்து வந்தபோது அத்தைக்கு ஒரு சந்தேகம். "துளசியையா அரைக்கப் போகிறாய்?" என்றார். துளசி வேறு, இது வேறு. ஒரே குடும்பம், ஆனால் தனி இனம் என்று குழந்தை விளக்கினாள். "அப்படியானால் சரி. அது பெருமாளுடையது" என்று சமாதானமானார்.

முறையாவது: இரண்டு கைப்பிடி இலை, ஒரு பல் பூண்டு, இரண்டு கரண்டி முந்திரிப்பருப்பு, சிறிது கல்லுப்பு, நான்கு கரண்டி துருவிய பாலாடைக்கட்டி, சுமார் 80 மில்லி எண்ணெய். இத்தாலியர் ஒருவகைப் பைன்மரத்துப் பருப்பை இடுகிறார்கள். ஹிமாசலத்துக் கின்னௌரில் விளையும் சில்கோஸா அந்த வர்க்கத்ததே என்றாலும் விலை அதிகம். பண்ருட்டி முந்திரி நமக்குப் போதும். பாலாடைக்கட்டியில் இத்தாலிய ஜாதி கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறையால் தோய்வது. சைவ உறையிட்டது என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குவது நலம். முதலில் உப்பும் பூண்டும் பருப்பும், பிறகு இலை, பிறகு பாலாடைக்கட்டி, கடைசியில் எண்ணெய் என்ற வரிசையில் அம்மியில் நசுக்கவேண்டும். கல்லுப்பின் முனைகள் இலையைக் கிழிக்க உதவும். 1930-ஆம் வருஷம் ஏப்ரல் 13-ஆம் தேதி வேதாரணியத்துக்கு உப்பு அள்ள ராஜாஜி புறப்பட்டது இந்தத் திருச்சியிலிருந்துதான். ஆகையால் உப்பின் அருமையைப் பற்றித் திருச்சி ஜில்லாவாருக்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

மின்சார மிக்ஸியில் அரைத்தாலென்ன என்று கேட்கலாம். அரைக்கலாம். ஆனால் சுழலும் கத்தி சூடேறினால் இலை கறுக்கும். பசுமையும் வாசனையும் குறையும். மிக்ஸியே கதி என்றால் எண்ணெயைக் குளிரவைத்து, விட்டு விட்டுச் சுழற்றவேண்டும்.

ஞொக்கியும் துவையலும் தயாராயின. பூண்டு கூடாதவர்களுக்குப் பூண்டுக்குப் பதில் பெருங்காயம் ஒரு சிட்டிகை போதும் என்றார் அத்தை. அப்போதுதான் நமக்கு ஒரு விஷயம் உறைத்தது. அதிக ஆசாரமுள்ள அடுப்படியிலும் தவறாமல் இருக்கும் பெருங்காயம் நெடுங்காலமாக ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் ஈரானிலிருந்தும் வருவது. அதன் செடியை நம் தேசத்தில் வளர்ப்பதற்கு 2020-ல்தான் ஹிமாசலத்து லாஹௌல் பள்ளத்தாக்கில் முதற் கன்று நட்டார்கள். உருளைக்கிழங்கு தென்னமெரிக்க மலைகளில் பிறந்தது. நீலகிரியில் அதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர், 1820-களில் அங்கே ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட்ட கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் ஸல்லிவன். பண்ருட்டிக்குப் பெருமை தரும் முந்திரி பிரேஸில் தேசத்தது, போர்த்துகீசியர் கொண்டுவந்தது. ஆலிவ் எண்ணெயை ஒதுக்கிக் கடலை எண்ணெய் விட்டாலும், வேர்க்கடலையும் தென்னமெரிக்கக் குடிதான். இத்தாலியருக்கும் இதே கதை. அவர்களுடைய ஞொக்கியில் கிழங்கு சேர்ந்தது பிற்காலத்தில். அதற்கு முன்னால் மாவாலும் ரவையாலும் செய்தார்கள். ரோமாபுரியில் ரவை ஞொக்கி இன்றும் உண்டு. அவர்களுடைய பச்சிலையோ நம்முடைய கீழ்த்திசை உஷ்ண தேசங்களிலிருந்து போய்ச் சேர்ந்தது. செடிகள் சமுத்திரங்களைத் தாண்டி வெகுகாலமாயிற்று. எந்தத் தட்டில் எந்த தேசம் இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது பாலில் நீரைப் பிரிப்பதைவிடக் கடினம்.

அப்படியானால் ஸ்வதேசியத்துக்கு அர்த்தமே இல்லையா? நிச்சயமாக உண்டு. செடி எங்கே பிறந்தது என்பதைவிட, செய்யும் திறமை யாரிடம் இருக்கிறது என்பதே முக்கியமான கேள்வி. புட்டியில் வரும் பெஸ்ட்டோவை நாம் வாங்குகிறோம். அதில் நமக்குப் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் அதே பழக்கத்தால் சேவையையும் கொழுக்கட்டை மாவையும் இஞ்சிப் பூண்டு விழுதையும்கூடப் பெட்டியில் வாங்கத் தொடங்கியிருக்கிறோமே, அதில் இருக்கிறது நஷ்டம். ஆயிரம் வருஷத்து வித்தை ஒரு தலைமுறை பரணில் ஏறினால் போதும். அடுத்த தலைமுறைக்கு அந்த நாழி எதற்கு என்றே தெரியாது. கப்பலும் கொதிகலனும் கற்றுக்கொண்ட தேசம், இட்லிப் பானையின் ஆவியை மறந்துவிட்டால் அது வளர்ச்சியாகுமா?

இந்த வித்தையைப் பெண்மக்கள் தலையில் மட்டும் கட்டிவிடுவதும் நம் நோக்கம் அன்று. நாழியை அழுத்துவதற்கு நல்ல தோள்பலம் வேண்டும். வீட்டுப் புருஷர்கள் தங்கள் தேகப் பயிற்சியை அங்கேயே வைத்துக்கொள்ளலாம். அன்று அந்தப் பொறுப்பு நமக்கு வந்தது. மறுநாள் தோள் வலித்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

அத்தை ஊருக்குப் புறப்படுவதற்கு முன், குழந்தை அவரிடம் கேட்டு அரிசி மாவு கிளறும் பக்குவத்தைக் கற்றுக்கொண்டாள். இத்தனை வருஷம் யார் சொல்லியும் கற்காதவளை இத்தாலியர் ஒரு வழியாகக் கொழுக்கட்டைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். இந்த உபகாரத்துக்காக அவர்களுக்கு நாம் நன்றி செலுத்தவேண்டும்.

நேயர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே. ஞொக்கி பிடித்தால் செய்யுங்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். எப்படியானாலும் பரணிலிருக்கும் சேவை நாழியை இந்த வாரமே இறக்கித் துடைத்துவையுங்கள். அதை உபயோகிக்கத் தெரிந்தவர் வீட்டில் இருக்கும்போதே, தெரியாதவரை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள்.